ஃப்ளோரிடாவில் வீட்டுக்கு டெக் கட்ட பெர்மிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாம்பா பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களுக்கு இரண்டாவது வருடமே கொல்லைப்புறத்தில் டெக் என்று சொல்லும் ஒரு மரத்தளம் போடும் ஆசை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. 2024 கோடையில் கட்டி முடித்தேன். அந்த அக்டோபரிலேயே மில்டன் புயல் வந்து அதைச் சோதித்தும் பார்த்துவிட்டது. அன்றிலிருந்து பொங்கல் விழாப் பந்தியில் உட்கார்ந்தால்கூட யாராவது இலைக்குப் பக்கத்தில் வந்து "அந்த பெர்மிட் விஷயம்..." என்று ஆரம்பிக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் இன்ஜினீயரும் இல்லை, காண்ட்ராக்டரும் இல்லை. மாநில விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றாலும் கட்டணமும் நடைமுறையும் ஊருக்கு ஊர் மாறும். கடைசி வார்த்தை உங்கள் ஊர் கட்டடத் துறையுடையது.

சும்மா தரையோட தரையா நாலு பலகை போடறதுக்குக் கூடவா பெர்மிட்?

ஃப்ளோரிடாவில் வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சந்தேகத்தைக் கிளப்புவது பெரும்பாலும் யூட்யூப்தான். பல மாநிலங்கள் பின்பற்றும் பொதுவான வீட்டுக் கட்டட விதிநூலில் ஒரு சலுகை உண்டு. 200 சதுர அடிக்குள், தரையிலிருந்து 30 அங்குலத்துக்குள், வீட்டோடு ஒட்டாமல், வீட்டின் பிரதான வெளிவாசலுக்கு வழியாக அமையாமல் இருக்கும் டெக்குக்கு பெர்மிட் தேவையில்லை என்கிறது அது. வடக்கே யாரோ எடுத்த வீடியோவில் அதைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஃப்ளோரிடா தன் விதிநூலை எழுதும்போது அந்தச் சலுகையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சில ஊர்கள் சின்ன வேலைகளுக்கு உள்ளூர் அளவில் விலக்கு தருவதுண்டு. உங்கள் ஊரில் அப்படி இருந்தால் அதை மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் ஒருவர் வாயால் சொன்னது இரண்டு வருடம் கழித்து எதற்கும் உதவாது.

அண்ணா, நாங்க பேவர் கல்லுதான் பதிக்கப் போறோம். அதுவும் டெக்கா?

இல்லை. மணல்மேல் கல் பதிப்பது வேறு கணக்கு. அதற்குப் பல ஊர்களில் எல்லைக்கோட்டு இடைவெளியையும் மழைநீர் போகும் வழியையும் மட்டும் பார்ப்பார்கள். தூண், உத்தரம், அதன்மேல் பலகை என்று வந்தால்தான் டெக். கூரையும் கொசுவலையும் சேர்ந்து வீட்டோடு ஒட்டியிருந்தால் இங்கே அதை லனாய் என்பார்கள். அது இன்னொரு கதை, கீழே வருகிறது.

டெக்குக்குக் கூரையே இல்லையே, காத்து அதை என்ன பண்ணிடும்?

நானும் இதையேதான் கேட்டேன். காற்று தள்ளுவதை மட்டும்தான் நாம் யோசிக்கிறோம், தூக்குவதை யோசிப்பதில்லை. புயலில் காற்று டெக்கின் அடியில் புகுந்து பலகையை மேலே நெம்பும். கைப்பிடிச் சுவரைப் பாய்மரம் போலத் தள்ளும். டெக் வீட்டுச் சுவரோடு இணைந்திருந்தால் அந்த இழுப்பு சுவருக்கும் போகும். கடலோரத்தில் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். மரம் மிதக்கும் பொருள், வெள்ளம் ஏறும்போது சரியாகக் கட்டாத டெக் தெப்பம் மாதிரி கிளம்பிவிடும். போகிற போக்கில் பக்கத்து வீட்டுத் தூணையும் இடிக்கும். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் கரையேறியது இங்கிருந்து வெகு வடக்கே. ஆனாலும் டாம்பா விரிகுடா ஓரத்து வீடுகளுக்குள் கடல் புகுந்தது. இரண்டே வாரத்தில், அக்டோபர் 9 அன்று, மில்டன் சியஸ்டா கீ அருகே கரையேறியது.

அதனால் இங்கே ஆபீசில் பார்ப்பது பலகையின் அழகையல்ல, இணைப்புகளை. பலகை ஜாய்ஸ்டோடு (பலகைக்கு அடியில் வரிசையாக ஓடும் குறுக்குக் கட்டை), ஜாய்ஸ்ட் உத்தரத்தோடு, உத்தரம் தூணோடு, தூண் கான்கிரீட்டோடு என்று சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். ஆணி மட்டும் அடித்திருந்தால் மேலே இழுக்கும்போது உருவிக்கொண்டு வரும். ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் இரும்புத் தகடு, போல்ட்.

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கியது. காற்று பலமாக இருந்தது ஒரு பக்கம் என்றால், கட்டிய விதமும் மேற்பார்வையும் மோசம் என்பது மறுபக்கம். அதன் விளைவாகத்தான் 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டட விதிநூல் வந்தது. இப்போது நடப்பில் உள்ள எட்டாம் பதிப்பு 2023 டிசம்பர் 31 அன்று அமலானது. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வடிவமைப்புக் காற்று வேகம், அதாவது கட்டடம் தாங்கியாக வேண்டிய வேகம், உண்டு. சாதாரண வீட்டுக்கு டாம்பா பக்கம் மணிக்கு 140 மைலை ஒட்டியும், மியாமி-டேட் கவுண்டியில் 175 மைலாகவும் இருக்கும். டெக்கும் அந்தக் கணக்கில்தான் வரும்.

விண்ணப்பத்தை சிட்டில குடுக்கறதா, கவுண்டிலயா?

தபால் முகவரியை நம்பாதீர்கள். முகவரியில் டாம்பா என்று இருக்கும் பல வீடுகள், உதாரணமாக கேரல்வுட் பக்கம், நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அவர்களுக்கு ஹில்ஸ்பரோ கவுண்டி. நியூ டாம்பாவில் பெரும்பகுதி நகரத்துக்குள். அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் வெஸ்லி சேப்பல், அது பாஸ்கோ கவுண்டி. கவுண்டியின் சொத்து மதிப்பீட்டு இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்த எல்லை என்று காட்டும். தவறான ஆபீசில் போட்டுவிட்டு மூன்று வாரம் காத்திருந்த நண்பர் எனக்கு இருக்கிறார்.

என்னென்ன பேப்பர் தயார் பண்ணணும்?

முக்கியமானது சர்வே, அதாவது மனையை அளந்து வரைந்த படம். வீடு வாங்கும்போது கொடுத்த கட்டில் அநேகமாக இருக்கும். அந்தப் படத்தின்மேல் டெக் எங்கே வருகிறது, எல்லைக் கோட்டிலிருந்து எத்தனை அடி என்று அளவோடு வரைந்து காட்ட வேண்டும். அப்புறம் கட்டுமான வரைபடம்: அடித்தளக் குழியின் அளவு, தூண்களுக்கு இடையே தூரம், மரத்தின் வகை, எந்த இடத்தில் எந்த இணைப்புத் தகடு, படி, கைப்பிடி. புயலைத் தாங்கும் தகடுகளுக்கு, மாநிலம் அங்கீகரித்தது என்று காட்டும் ஃப்ளோரிடா ப்ராடக்ட் அப்ரூவல் எண் உண்டு, அதையும் கேட்பார்கள். இவற்றோடு விண்ணப்பம், காண்ட்ராக்டர் செய்தால் அவருடைய லைசென்ஸ் மற்றும் காப்பீட்டு விவரம், வேலையின் மதிப்பைப் பொறுத்து நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட் (விளக்கம் கீழே).

என் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. காரணம் ஈஸ்மென்ட். என் மனையின் பின்பக்கம் ஏழரை அடி அகலத்துக்கு வடிகாலுக்கும் கேபிளுக்கும் ஒதுக்கிய பட்டை இருந்தது. சர்வேயில் மெல்லிய புள்ளிக்கோடாகத்தான் தெரியும், நான் கவனிக்கவில்லை. டெக்கின் ஒரு மூலை அதற்குள் ஒன்றேகால் அடி நீண்டிருந்தது. அந்தப் பட்டை உங்கள் மனைக்குள் இருந்தாலும் அதன்மேல் கட்டும் உரிமை உங்களுக்கு இல்லை. பூதக்கண்ணாடி வைத்தாவது அந்தப் புள்ளிக்கோட்டைத் தேடுங்கள்.

வரைபடம் நானே போடலாமா? இன்ஜினீயர் எதுக்கு?

பென்சிலால் சுத்தமாக வரைந்தாலும் ஏற்கும் ஊர்கள் இருக்கின்றன, குறிப்பாகத் தாழ்வான, கூரையில்லாத டெக்குக்கு. சில கவுண்டிகள் மாதிரிப் படமே வெளியிட்டிருக்கின்றன, அதில் அளவை நிரப்பினால் போதும். ஆனால் மேலே சொன்ன காற்று வேகத்துக்குத் தாங்கும் என்று யாராவது பொறுப்பேற்க வேண்டும் அல்லவா? உயரமான டெக், கூரை போட்ட டெக், வெள்ள மண்டலத்து டெக் இவற்றுக்கெல்லாம் ஃப்ளோரிடா லைசென்ஸ் உள்ள இன்ஜினீயரின் முத்திரை கேட்பார்கள். எனக்குக் கட்டாயம் இல்லை, இருந்தும் கொடுத்தேன். சில நூறு டாலர் போனது, ஆனால் இரண்டாவது சுற்றில் ஒரு கேள்விகூட வரவில்லை.

நானே கட்டிக்கலாமா, லைசென்ஸ் இல்லாம?

கட்டலாம். ஓனர் பில்டர் என்று மாநிலச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. வீடு உங்கள் பெயரில், நீங்கள் குடியிருப்பதாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் நீங்களே கையெழுத்துப் போட வேண்டும், கூடவே ஒரு நீளமான உறுதிமொழிப் படிவமும் உண்டு. வேலையை நீங்களே முன்நின்று பார்க்க வேண்டும். முடிந்து ஒரு வருடத்துக்குள் விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, விற்பதற்காகவே கட்டியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று. லைசென்ஸ் இல்லாத ஆளைக் கூலிக்கு வைத்தால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் முதலாளி. சம்பளப் பிடித்தம், காயம் பட்டால் இழப்பீடு எல்லாம் உங்கள் தலையில். மச்சான் வந்து பலகை பிடிப்பது வேறு, நாள்கூலிக்கு மூன்று பேரைக் கூட்டி வருவது வேறு.

காண்ட்ராக்டர் "பெர்மிட்டை உங்க பேர்லயே எடுங்க சார், சீக்கிரம் கிடைக்கும்"ங்கறார். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். லைசென்ஸ் இருப்பவர் தன் பெயரில் எடுக்கத் தயங்க மாட்டார். இப்படிச் சொல்கிறவருக்குப் பெரும்பாலும் லைசென்ஸ் இருக்காது, அல்லது அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும். முந்தைய பதிலில் சொன்ன அத்தனை பொறுப்பும் உங்களுக்கு வந்துவிடும், பணம் மட்டும் அவருக்குப் போகும்.

மாநிலத்தின் தொழில் உரிமத் துறையான டி.பி.பி.ஆர். இணையதளத்தில் பெயரைப் போட்டால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். என்னிடம் வந்த முதல் ஆளின் அட்டையில் எண் அச்சாகியிருந்தது. தேடிப் பார்த்தால் அது வேறு யாருடையதோ. சிரித்துக்கொண்டே காபி கொடுத்து அனுப்பினோம்.

நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட்னா என்ன? எதுக்கு அதை கோர்ட்டுல பதியணும்?

வேலை தொடங்குகிறது என்று ஊரறிய அறிவிக்கும் ஒரு பக்கக் காகிதம். ஒப்பந்தத் தொகை 5,000 டாலரைத் தாண்டினால் கட்டாயம். முன்பு இந்த வரம்பு 2,500 டாலர், 2023 அக்டோபரில் உயர்த்தினார்கள். கவுண்டி கோர்ட் கிளர்க் அலுவலகத்தில் பதிந்து, ஒரு நகலை வேலை நடக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். பதிந்த 90 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும். வேறு தேதி குறிப்பிடாவிட்டால் ஒரு வருடம் செல்லும்.

இது எதற்கு என்றால், ஃப்ளோரிடாவில் நீங்கள் காண்ட்ராக்டருக்கு முழுப் பணமும் கொடுத்திருந்தாலும், அவர் மரக்கடைக்குப் பாக்கி வைத்தால் மரக்கடைக்காரர் உங்கள் வீட்டின்மேல் லீன், அதாவது கடன் பிடிப்பு, போட முடியும். ஒரே பலகைக்கு இரண்டு தடவை பணம் கட்டும் நிலை வரும். நோட்டீஸை ஒழுங்காகப் பதிந்திருந்தால்தான் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று உங்களைக் காத்துக்கொள்ள வழி உண்டு. கடைசித் தவணை கொடுக்கும் முன் ஒவ்வொருவரிடமும் ரிலீஸ் ஆஃப் லீன், அதாவது வீட்டின்மேல் பிடிப்பு இல்லை என்ற கையெழுத்து, வாங்குங்கள்.

மரக்கடையிலேர்ந்து "நோட்டீஸ் டு ஓனர்"னு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கு, பயமா இருக்கு. கேஸ் போட்டுட்டாங்களா?

இல்லை. "உங்கள் வேலைக்கு நான் சரக்கு கொடுக்கிறேன்" என்று அறிமுகம் செய்துகொள்வது மட்டும்தான். பத்திரமாக வையுங்கள். யாரிடமெல்லாம் ரிலீஸ் வாங்க வேண்டும் என்பதற்கு அதுதான் பட்டியல்.

எத்தனை நாள் ஆகும்?

எனக்கு ஈஸ்மென்ட் குளறுபடியையும் சேர்த்து ஏழு வாரம். 2025 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டப்படி, 7,500 சதுர அடிக்கு உட்பட்ட தனி வீடு, அதைச் சார்ந்த கட்டுமானம் போன்றவற்றுக்கு முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "முழுமையான" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு பக்கம் குறைந்தாலும் கடிகாரம் ஓடாது.

பெர்மிட் வந்தபின் 180 நாளுக்குள் வேலையைத் தொடங்கியாக வேண்டும். தொடங்கியபின் ஆறு மாதம் கிடப்பில் போட்டாலும் செல்லாமல் போய்விடும்.

இன்ஸ்பெக்டர் எத்தனை தடவை வருவார்? என்ன பார்ப்பார்?

குழிக்கு ஒரு தடவை, தூணும் உத்தரமும் சேர்ந்த மரச்சட்டகத்துக்கு ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை. குழி தோண்டும் முன் 811க்கு அழைத்துவிடுங்கள். இரண்டு முழு வேலை நாள் முன்னதாகச் சொன்னால் நிலத்தடியில் மின்கம்பி, எரிவாயு, கேபிள் எங்கே போகிறது என்று இலவசமாக வந்து வண்ணக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள்.

என்னை அழவைத்தது குழிதான். ஜூலை மாதம். காலையில் ஒன்பது குழியும் அம்சமாக இருந்தன. இன்ஸ்பெக்டர் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொன்னார். மூன்று மணிக்கு வழக்கமான மழை. மணல் பூமி வேறு, இரண்டு குழி சரிந்து மூன்றாவதில் முழங்கால் அளவு தண்ணீர். அவர் வந்து ஒரு கம்பியால் அடியில் குத்திப் பார்த்தார். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. "நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்டியான மண்ணில்தான் கான்கிரீட் உட்கார வேண்டும், சேற்றில் ஊற்றினால் தூண் அசையும். கோடைக்காலத்தில் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், மேலே போட தார்ப்பாயும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை வரும்போது மேல் பலகை போட்டிருக்கக் கூடாது. தாழ்வான டெக் என்றால் பலகை போட்டபின் அடியில் யாரும் நுழைய முடியாது. தகட்டின் ஒவ்வொரு ஓட்டையிலும் ஆணி இருக்கிறதா என்று அவர் டார்ச் அடித்து எண்ணினார். நான் ஒரு தகட்டில் இரண்டு ஓட்டையை விட்டிருந்தேன், அங்கேயே நின்று அடிக்க வைத்தார். மரத்துக்கு ஏற்றிய மருந்தில் செம்பு இருப்பதால் சாதாரண இரும்பு ஆணி சீக்கிரம் அரித்துப்போகும். துத்தநாகக் குளியல் கொடுத்ததோ, உப்புக்காற்று வீசும் இடத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ இருக்க வேண்டும். கடையில் டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

கடைசியில் கைப்பிடியும் படியும். தளம் 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் 36 அங்குல உயரக் கைப்பிடி தேவை. அதன் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலப் பந்து நுழையக் கூடாது, குழந்தையின் தலைக்கு அதுதான் கணக்கு. எங்கள் இன்ஸ்பெக்டர் உண்மையிலேயே ஒரு பந்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பிறகு கைப்பிடியில் முழு உடம்பையும் சாய்த்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தார். 200 பவுண்டு தள்ளுக்குத் தாங்க வேண்டும் என்பது விதி.

டெக்கை வீட்டுச் சுவரோட சேர்த்து போல்ட் போடலாமா, தனியா நிக்க வைக்கலாமா?

என் கருத்து: தரைமட்டத்தில் உள்ள வீட்டுக்குத் தனியாக நிற்கட்டும். இங்கே பெரும்பாலான வீடு கான்கிரீட் கல் சுவர், மேலே ஸ்டக்கோ பூச்சு. சேர்க்க வேண்டுமானால் சுவரைத் துளைத்து, டெக்கின் ஒரு பக்கத்தைத் தாங்கும் லெட்ஜர் பலகையை அரை அங்குலப் போல்ட்டால் பிடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போகாமல் மேலே தகடு மடித்துவிட வேண்டும். டெக் சுவரைவிட்டு விலகாமல் இருக்க இரண்டு இடத்தில் 1,500 பவுண்டு அல்லது நாலு இடத்தில் 750 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பிடிப்புக் கம்பியும் பொதுவாகக் கேட்பார்கள். செங்கல் முகப்பு ஒட்டிய சுவராக இருந்தால் அந்த முகப்பின்மேல் லெட்ஜர் போடவே கூடாது. தனியாக நிறுத்தினால் கூடுதலாக ஒரு வரிசைத் தூண், அவ்வளவுதான். சுவருக்குள் ஈரம் இறங்குமோ என்ற கவலை இல்லை.

அப்புறமா மேல ஒரு பெர்கோலா (மரச்சட்டப் பந்தல்), இல்லன்னா தகரக் கூரை போட்டுக்கலாம்னு இருக்கோம். அதே பெர்மிட் போதுமா?

போதாது. கூரை வந்த நிமிடம் கணக்கே மாறிவிடும், அது காற்றுக்குக் குடை பிடித்தது மாதிரி. மொத்தத் தூக்கு விசையும் அதே தூண்கள் வழியாக அதே குழிக்கு வரும். டெக்குக்கு மட்டும் போட்ட குழி அதற்குச் சின்னதாக இருக்கும். எதிர்காலத்தில் கூரை போடும் எண்ணம் லேசாக இருந்தாலும் இன்ஜினீயரிடம் இப்போதே சொல்லிக் குழியைப் பெரிதாகப் போட்டுவிடுங்கள். கான்கிரீட் மலிவு, உடைத்துத் திரும்பப் போடுவதுதான் விலை.

மேலே சொன்ன லனாயும், கொசுவலை மாட்டிய வலைக்கூண்டும் இதே கதைதான். கூடவே காப்பீட்டையும் படியுங்கள், பல பாலிசிகள் வலைக்கூண்டுக்குப் புயல் நஷ்டம் தருவதில்லை.

நீச்சல் குளம் பக்கத்துல டெக் வருது. வேற எதாவது இருக்கா?

இருக்கிறது. குளத்தைச் சுற்றி வெளிப்பக்கம் நாலு அடி உயரத் தடுப்பு வேண்டும் என்பது குழந்தைகள் பாதுகாப்புக்கான மாநிலக் கட்டட விதி. உங்கள் டெக் தடுப்புக்கு வெளியே ஒட்டினாற்போல் இரண்டு அடி உயர்ந்தால், அதில் ஏறி நிற்கும் குழந்தைக்குத் தடுப்பு இரண்டு அடிதான். இதை வைத்தே விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில்.

மியாமில இருக்கற எங்க அத்தை பையன் இன்னும் கெடுபிடின்றானே?

சரிதான். மியாமி-டேட், ப்ரோவர்ட் இரண்டு கவுண்டிகளும் அதிவேகப் புயல்காற்று மண்டலம். விதிநூலில் அவற்றுக்கென்று தனிப் பகுதிகளே உண்டு. பொருள்களுக்கு மியாமி-டேட் கவுண்டியின் நோட்டீஸ் ஆஃப் அக்செப்டன்ஸ், அதாவது பொருளை ஏற்றுக்கொண்டதற்கான சான்று, பலமாகக் கேட்கப்படும். அங்கே ஜன்னல்களைச் சோதிக்க ஒன்பது பவுண்டு மரக்கட்டையைப் பீரங்கி போன்ற குழாயிலிருந்து நொடிக்கு 50 அடி வேகத்தில் சுடுவார்கள். உங்கள் டெக் பலகை கழன்றால் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அதுதான் அந்தக் கட்டை.

நாங்க ஃப்ளட் ஸோன்ல இருக்கோம். டெக் போட முடியாதா?

போடலாம். மத்திய பேரிடர் நிர்வாக அமைப்பான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் உங்கள் மனை எக்ஸ் (ஆபத்து குறைவு), ஏ.ஈ. (வெள்ள மண்டலம்), வி.ஈ. எது என்று முதலில் பாருங்கள். வி.ஈ. என்பது அலை அடிக்கும் கடலோர மண்டலம். அங்கே டெக் வெள்ளத்தில் பிய்ந்தாலும் வீட்டை இழுத்துக்கொண்டு போகாதபடி தனியாக நிற்க வேண்டும், அல்லது வீட்டைப் போலவே வெள்ளத்தைத் தாங்கும்படி கட்ட வேண்டும். கடற்கரை மணல்மேட்டை ஒட்டிய வீடு என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கடலோரக் கட்டுமானக் கோட்டையும் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கடல்பக்கம் அவர்கள் அனுமதி தனி.

நம் ஆட்கள் சிக்குவது 50 சதவீத விதியில். வெள்ள மண்டலத்தில் தாழ்வாக உள்ள பழைய வீட்டில் செய்யும் மேம்பாட்டுச் செலவு, மனையை விட்டுவிட்டுக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், வீட்டையே இன்றைய உயரத்துக்குத் தூக்க வேண்டும். வீட்டோடு ஒட்டிய டெக் அந்தக் கணக்கில் சேரும். சில ஊர்கள் பல வருடச் செலவைக் கூட்டிப் பார்க்கின்றன. சமையலறை, குளியலறை எல்லாம் மாற்றிவிட்டுக் கடைசியில் டெக் என்று போனால் அந்த டெக்தான் கோட்டைத் தாண்ட வைக்கும். தனியாக நிறுத்தச் சொன்னேனே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெச்.ஓ.ஏ. (குடியிருப்புச் சங்கம்) சரின்னுட்டாங்க. இன்னும் என்ன?

அவர்கள் பார்ப்பது வண்ணமும் தோற்றமும். குழியை அவர்கள் பார்க்க மாட்டார்கள். இரண்டு அனுமதியும் தனித்தனி, ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

பெர்மிட் எடுத்தா வீட்டு வரி ஏறுமாமே, அதான் யோசிக்கறோம்.

ஏறும், கொஞ்சம். சொந்த வீட்டின் மதிப்பீடு வருடத்துக்கு மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற பாதுகாப்பு புதிதாகக் கட்டிய பகுதிக்குக் கிடையாது. வேலை முடிந்ததற்கு அடுத்த ஜனவரி 1 அன்று டெக்கின் மதிப்பை முழுசாகச் சேர்ப்பார்கள். ஆனால் பழைய வீட்டின் வரம்பு அப்படியே இருக்கும். சாதாரண மர டெக்குக்கு ஏறுவது சிறிய தொகைதான். அதற்குப் பயந்து பெர்மிட் எடுக்காதவர்களுக்கு அடுத்த பதில்.

வீடு வாங்கும்போதே டெக் இருந்தது, இப்ப பார்த்தா அதுக்கு பெர்மிட்டே இல்ல. என்ன செய்யறது?

கட்டியவர் யாராக இருந்தாலும் இப்போது அது உங்கள் டெக். கட்டியபின் எடுக்கும் பெர்மிட் என்று ஒரு வழி உண்டு. கட்டணம் பல இடங்களில் இரண்டு மடங்கு. அதைவிடப் பெரிய செலவு, மறைந்துபோனதைக் காட்டுவது. சில பலகைகளைப் பெயர்த்து, தூணடியில் தோண்டிக் காட்டி, இன்ஜினீயரிடம் கடிதம் வாங்க வேண்டிவரும். தேறாவிட்டால் பிரிக்கச் சொல்வார்கள்.

பேசாமல் விட்டால்? விற்கும்போது வாங்குகிறவருக்காகச் சொத்தின் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தேடிக் கண்டுபிடிக்கும், அந்தக் கடைசி வாரத்தில் எல்லாப் பேரமும் உங்களுக்கு எதிராகப் போகும். புயல் நஷ்டத்துக்குக் காப்பீடு கேட்கும்போதும் இது தலைதூக்கும். வீடு வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு முன்பே ஊர் இணையதளத்தில் அந்த முகவரியின் பெர்மிட் வரலாற்றைப் பாருங்கள். எடுத்துவிட்டு முடிக்காமல் திறந்து கிடக்கும் பெர்மிட்டும் கிட்டத்தட்ட இதே தலைவலிதான். கடைசி இன்ஸ்பெக்ஷனை மறந்துவிடாதீர்கள்.

புயல்ல நாலு பலகை பிச்சுக்கிட்டு போச்சு. மாத்தறதுக்கும் பெர்மிட்டா?

உடைந்த மேல்பலகையை அதே மாதிரிப் பலகையால் மாற்றுவதைச் சின்னப் பழுதாக எடுத்துக்கொண்டு விட்டுவிடுவது வழக்கம், இருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஜாய்ஸ்ட், உத்தரம், தூண், கைப்பிடி என்றால் பெர்மிட் வேண்டும். எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுங்கள், காப்பீட்டுக்கும் உதவும். புயல் முடிந்த மறுநாளே டிரக்கில் வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்கும் டி.பி.பி.ஆர். சோதனை பொருந்தும், இன்னும் கறாராகவே.

வேலை பாதில இருக்கும்போது புயல் வந்துட்டா? பெர்மிட் காலாவதி ஆயிடுமே?

காலாவதிக்கு வழி இருக்கிறது. ஆளுநர் இயற்கைச் சீற்றத்துக்காக நெருக்கடி நிலை அறிவித்து உங்கள் கவுண்டி அதில் இருந்தால், அந்தக் காலம் முழுவதும் பெர்மிட்டின் கடிகாரம் நிற்கும், அதற்கு மேல் 24 மாதமும் கிடைக்கும். ஆனால் தானாக நடக்காது. நெருக்கடி நிலை முடிந்த 90 நாளுக்குள் ஆபீசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

வேலையிடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புயல் கண்காணிப்பு என்பது பலத்த காற்று வரச் சுமார் 48 மணி நேரம் இருக்கும்போது அறிவிப்பது, எச்சரிக்கை 36 மணி நேரம் முன்பு. கண்காணிப்பு வந்ததுமே ஆரம்பியுங்கள், எச்சரிக்கை வந்தபின் கடையில் கயிறுகூடக் கிடைக்காது. அடுக்கி வைத்த பலகைகளை கராஜுக்குள் கொண்டுபோங்கள். இடமில்லாவிட்டால் தரையில் கிடத்தி ராட்செட் பட்டையால் தூண்களோடு இறுக்குங்கள். ஆணி அடிக்காமல் சும்மா வைத்த பலகை ஒன்றுகூட மேலே இருக்கக் கூடாது. மில்டனுக்கு முந்தின நாள் எங்கள் டெக் முடிந்திருந்தாலும் மிச்சப் பலகை பதினோரு துண்டு வேலியோரம் சாய்த்து வைத்தபடி கிடந்தது. கார் இரண்டையும் கராஜில் விட்டிருந்ததால் இடம் இல்லை. கடைசியில் அத்தனையையும் வரவேற்பறைச் சோபாவுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டோம். அந்த மருந்து வாசனை போக ஒரு வாரம் ஆனது.